பீரோவிலிருந்து எடுத்த நோக்கியா இ63: என்னிடம் கேட்ட கேள்விகளும் பதில்களும்

ஒவ்வொரு வருடமும் போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது தெரிந்தவர்களில் யாராவது ஒருவர் பீரோ அடித்தட்டிலிருந்து நோக்கியா இ63-ஐ எடுத்துவிடுகிறார். எடுத்த கையோடு எனக்குத்தான் போன் வரும். 2009 தொடங்கி ஆறு வருடம் என் பிழைப்பே அந்த போனில்தான் ஓடியது என்பது எல்லோருக்கும் தெரியும். திண்டுக்கல் பக்கம் பகுதிநேர நிருபராக இருந்தேன். செய்தியை அதிலேயே அடித்து, அதிலிருந்தே அனுப்புவேன்.

வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

இது சாதா பட்டன் போனா, இல்ல ஸ்மார்ட்போனா?

ஸ்மார்ட்போன்தான். 2008 நவம்பரில் அறிவித்தார்கள். உள்ளே ஓடுவது சிம்பியன் எஸ்60 மூன்றாம் பதிப்பு, இன்றைய ஆண்ட்ராய்டு மாதிரி அன்றைய இயங்குதளம். புதிய ஆப் போடலாம். ஒன்றை மூடாமலே இன்னொன்றைத் திறக்கலாம். மெனு பட்டனை அழுத்திப் பிடித்தால் பின்னால் என்னென்ன ஓடுகிறது என்று வரிசையாகக் காட்டும். வைஃபை, 3ஜி, மெயில் எல்லாம் உண்டு. திரை 2.36 அங்குலம், கேமரா 2 மெகாபிக்சல். தொடுதிரை கிடையாது. அதனால்தான் இன்றைய பிள்ளைகள் அதைக் கையில் வாங்கியதும் திரையைத் தடவிப் பார்த்துவிட்டு "கெட்டுப்போச்சு" என்கிறார்கள்.

தட்டச்சு இயந்திரத்தில் இருக்கிற அதே வரிசையில் எழுத்துப் பட்டன்கள் திரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். எழுதுவதற்காகவே செய்த போன் அது. கீழே வரும் பதில்களில் பாதி அந்தப் பட்டன்களைப் பற்றித்தான்.

இ71-னு ஒண்ணு இருந்துச்சே, அதுவும் இதுவும் ஒண்ணா?

அண்ணன் தம்பி. இ71 அதே 2008-ல் கொஞ்சம் முன்னால் வந்தது. ஸ்டீல் உடம்பு, மெலிசு, ஜிபிஎஸ் உண்டு, கேமரா 3.2 மெகாபிக்சல். இ63-க்குப் பிளாஸ்டிக் உடம்பு, ஜிபிஎஸ் இல்லை. ஆனால் சாதாரண 3.5 மி.மீ. ஹெட்போனை நேரே குத்தலாம், இ71-ல் 2.5 மி.மீ. ஓட்டை என்பதால் இணைப்பான் தேடி அலைய வேண்டும். பட்டன் அமைப்பும் மெனுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி இ71 வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல செஞ்ச போனா இது?

பேட்டரியைக் கழற்றுங்கள். அடியில் வெள்ளை லேபிள் ஒட்டியிருக்கும். எந்த நாட்டில் செய்தது என்று அதிலேயே அச்சாகியிருக்கும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. அங்கே வேலை பார்த்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். என் சித்தி மகள் இரண்டு வருடம் அங்கே ஷிப்டுக்குப் போனாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சார்ஜர் தொலைஞ்சு போச்சு. பக்கத்துல இருக்கற யூஎஸ்பி ஓட்டைல குத்துனா சார்ஜே ஏறல. செத்துடுச்சா?

இல்லை. அந்த மைக்ரோ யூஎஸ்பி ஓட்டை கணினியோடு பேசுவதற்கு மட்டும். சார்ஜ் அதில் ஏறாது. நோக்கியா 'சின்ன பின்' சார்ஜர் என்று கேளுங்கள். 2 மி.மீ. தடிமன் உள்ள பின். ஊரில் பழைய மொபைல் கடை எதிலும் ஒரு டப்பா நிறையக் கிடக்கும். ஒரு முனையில் யூஎஸ்பியும் மறுமுனையில் சின்ன பின்னும் உள்ள வயரும் உண்டு. அது கிடைத்தால் இப்போதைய சார்ஜர் தலையிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

பல வருடம் கிடந்த போன் சார்ஜில் போட்டதும் உடனே உயிர் காட்டாது. அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

பேட்டரி லேசா உப்புன மாதிரி இருக்கு. போட்டுப் பாக்கலாமா?

கூடாது. வழவழப்பான மேஜைமேல் பேட்டரியைப் படுக்க வைத்து ஒரு விரலால் சுண்டிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போடவே வேண்டாம். அழுத்திப் பார்ப்பது, ஊசியால் குத்துவது எதுவும் செய்யாதீர்கள். குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

வேண்டியது பிபி-4எல், 1500 எம்ஏஎச். இ71, இ72, இ52, என்97 எல்லாவற்றுக்கும் இதே பேட்டரிதான் என்பதால் இன்னும் கிடைக்கிறது. போலி நிறைய உண்டு. அதே அளவுப் பேட்டரியின்மேல் 2500, 3000 என்று அச்சடித்து விற்றால் வாங்காதீர்கள். அந்தக் கூட்டுக்குள் அவ்வளவு அடங்காது.

ஜியோ சிம் போட்டேன். டவரே வரல. போன் ரிப்பேரா?

போனில் ஒரு குறையும் இல்லை. ஜியோ 2016-ல் வந்தபோதே 4ஜி மட்டும்தான். 2ஜி, 3ஜி சேவையே அதற்குக் கிடையாது. இ63-க்கு 4ஜி தெரியாது. இரண்டும் சந்திக்க வழியே இல்லை.

2ஜி இன்னும் ஓடுகிற நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் பேசலாம், எஸ்எம்எஸ் வரும், வங்கி ஓடிபியும் வரும். 3ஜியை நம்பாதீர்கள். ஏர்டெல் 2020-லேயே மூடிவிட்டது. நெட்வொர்க் செட்டிங்கில் 'டூயல் மோட்' என்று இருந்தால் அதை ஜிஎஸ்எம், அதாவது 2ஜி மட்டும், என்று மாற்றிவிடுங்கள். இல்லாத 3ஜியைத் தேடித் தேடிப் பேட்டரி கரைவது நிற்கும்.

இப்ப இருக்கற சிம் நகத்துண்டு மாதிரி இருக்கு. இதுக்குள்ள எப்படி நிக்கும்?

அடாப்டர் தட்டு ஒன்று வாங்குங்கள். பேட்டரிக்கு அடியில் சிம் நுழையும் இடம் இருக்கும். தட்டோடு சேர்த்து உள்ளே தள்ளும்போது சிம்மின் பின்பக்கம் மெல்லிய செலோடேப் ஒட்டிக்கொள்வது நல்லது. வெறும் தட்டை மட்டும் உள்ளே விட்டு வெளியே இழுத்தால் உள்ளே இருக்கிற தங்கநிற முட்கள் மாட்டி வளைந்துவிடும். அப்படி வளைந்த இரண்டு போன்கள் என்னிடம் வந்தன. ஒன்றைத்தான் சரிசெய்ய முடிந்தது.

எழுத்துதான் இருக்கு, நம்பரைக் காணோமே? போன் எப்படிப் பண்றது?

எழுத்துப் பட்டன்களின் நடுவில் உற்றுப் பாருங்கள். ஆர், டி, ஒய் மூன்றும் 1, 2, 3. எஃப், ஜி, எச் மூன்றும் 4, 5, 6. வி, பி, என் மூன்றும் 7, 8, 9. எம்தான் சைபர். முகப்புத் திரையில் இருக்கும்போது நேரே அழுத்தினாலே எண் விழும். மெசேஜுக்குள் எண் வேண்டுமென்றால் ஓரத்தில் அம்புக்குறி போட்ட ஃபங்ஷன் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். வரிசையாக எண் அடிக்க ஃபங்ஷனை இரண்டு தரம் தட்டினால் அது பூட்டிக்கொள்ளும்.

பட்டன் பூட்டைத் திறக்க: திரைக்குக் கீழே இடதுபக்கப் பட்டன், அடுத்து ஃபங்ஷன்.

அவ்ளோ குட்டிப் பட்டன்ல பெரிய செய்தியெல்லாம் எப்படி அடிச்சீங்க? விரல் வலிக்காதா?

முதல் வாரம் வலித்தது. ஒரு எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். பிறகு புரிந்தது: விரலின் சதையால் அமுக்கக் கூடாது, கட்டைவிரல் நுனியை நகத்தோடு சற்றுச் சாய்த்துத் தட்ட வேண்டும். போனின் கீழ்ப்பாதியை இரண்டு கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் தாங்கிக்கொள்ளும். இடது கட்டைவிரலுக்கு இடது பாதி, வலதுக்கு வலது பாதி. மூன்றாவது மாதத்தில் கட்டைவிரலுக்கே எழுத்து மனப்பாடம் ஆகிவிட்டது.

பட்டன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புடைத்து நிற்பதுதான் விஷயம். எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், கண் தேவையில்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். ஒரு பாட்டி தன் பட்டாவைப் பற்றி அழுதுகொண்டே பேசும்போது நோட்டில் குனிந்து எழுதினால் அவர் பேச்சு நின்றுவிடும். போனை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே அடித்திருக்கிறேன். சர்வே நம்பர், கிராமத்தின் பெயர், எத்தனை முறை மனு கொடுத்தார் என்பது வரை எல்லாம் விழுந்திருக்கும். இன்றைய போனில் கண்ணாடியைப் பார்க்காமல் என்னால் ஒரு வரி அடிக்க முடியவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் போனைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு குறிப்பு. ஷிப்டைப் பிடித்துக்கொண்டு நடுப் பட்டனை நகர்த்தினால் எழுத்துகள் தேர்வாகும். கன்ட்ரோலும் சியும் சேர்த்தால் காப்பி, கன்ட்ரோலும் வியும் சேர்த்தால் பேஸ்ட், கணினியில் செய்வது மாதிரியேதான். வண்டி ஓட்டிக்கொண்டே பார்க்காமல் அடிக்கலாம் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தமிழ்ல அடிக்க முடியுமா இதுல?

என்னுடையதில் முடியவில்லை. தங்கிலீஷில்தான் எழுதினேன், அன்று எல்லோரும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழ் யூனிகோடில் அனுப்பினால் அதே ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான். 'கொ' என்பது கண்ணுக்கு ஒரு எழுத்து, கணக்கில் இரண்டு. ஆக, தமிழில் எழுதினால் காசு இரட்டிப்புக்கு மேல் போகும், வாங்குகிறவர் போனில் தெரியுமா என்பதும் நிச்சயமில்லை. தங்கிலீஷ் பரவியதற்குச் சோம்பல் காரணம் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸையும் எண்ணி எண்ணித்தான் அனுப்பினோம்.

தங்கிலீஷில் பெரிய வில்லங்கம் நெடில் குறிலும் ல, ள, ழவும். பழம், பலம், பாலம், பள்ளம் நான்கும் ஆங்கில எழுத்தில் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வரும். ஒருமுறை மழையில் பாலம் இடிந்ததை அடித்து அனுப்பினேன். "பாலமா, பள்ளமா? உடைஞ்சுச்சா, விழுந்துச்சா?" என்று பத்திரிகை டெஸ்க்கிலிருந்து அண்ணன் போன் போட்டுக் கேட்டார். அன்றிலிருந்து நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதை ஒருநாளும் விட்டதில்லை.

தங்கிலீஷில் அடிக்கும்போது வார்த்தையைத் தானே ஊகித்துப் போடும் வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் 'வந்தாச்சு' என்று அடித்தால் ஏதோ ஒரு ஆங்கிலச் சொல்லை நீட்டும். மெசேஜ் எழுதும் இடத்தில் ஆப்ஷன்ஸ், அதற்குள் இன்புட் ஆப்ஷன்ஸ் போய் நிறுத்தலாம்.

எஸ்எம்எஸ் பேக் போட்டா எவ்ளோ வேணா அனுப்பலாம்ல அப்பல்லாம்?

2011 செப்டம்பர் வரைக்கும் அப்படித்தான். விளம்பர எஸ்எம்எஸ் தொல்லையைக் குறைக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த மாதம் ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 என்று வரம்பு கட்டியது. எதிர்ப்பு வந்ததும் 200 ஆக்கினார்கள். பொங்கல், தீபாவளி, புத்தாண்டு மாதிரி நாட்களில் பேக் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் காசு பிடிப்பார்கள். அதனால் முந்தின நாள் ராத்திரியே உட்கார்ந்து வாழ்த்து அனுப்பி முடிப்போம். எழுத்துப் பட்டன் வைத்திருந்த என்னிடம் வீட்டில் எல்லோரும் தங்கள் வாழ்த்தையும் அடித்துத் தரச் சொல்வார்கள்.

தமிழ் வெப்சைட் திறந்தா கட்டம் கட்டமா வருமே. எப்படிப் படிச்சீங்க?

ஓபரா மினி என்ற பிரவுசர்தான் காப்பாற்றியது. முகவரி எழுதும் இடத்தில் 'ஓபரா' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 'கான்ஃபிக்' என்று சேர்க்க வேண்டும். ஒரு பட்டியல் வரும். அதில் சிக்கலான எழுத்துருக்களுக்குப் பிட்மேப் எழுத்தைப் பயன்படுத்தவா என்று ஒரு வரி இருக்கும். அதை 'யெஸ்' ஆக்கிச் சேமித்தால் தமிழ் தெரியும்.

போனில் தமிழ் எழுத்துருவே இல்லாமல் தமிழ் எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. ஓபரா மினியில் பக்கம் முதலில் அவர்களுடைய சர்வருக்குப் போய், அங்கே சுருங்கித்தான் நம் கைக்கு வரும். இந்த வசதியைப் போட்டால் தமிழ் எழுத்துகளை அங்கேயே சின்னப் படமாக மாற்றி அனுப்பிவிடுவார்கள். போன் அதை எழுத்தாகப் படிக்கவில்லை, படமாகத்தான் காட்டுகிறது. அதனால் டேட்டா கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பக்கம் மெதுவாக வரும். ஆனால் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் தடவை தமிழ் வலைப்பதிவு ஒன்றை போனில் படித்தபோது, பக்கத்து சீட்டுக்காரரிடம் திருப்பிக் காட்டினேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடிச்சா பின்னாடி லைட் எரியுது. ஏதாவது ஷார்ட் ஆயிடுச்சா?

அது டார்ச். வேண்டுமென்றே வைத்தது. மறுபடி அழுத்திப் பிடித்தால் அணையும். இ63-ஐ வைத்திருந்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் போய்விடும். சட்டென்று எல்லாம் இருட்டாகி, ஃபேன் சத்தம் அடங்கும். கிரைண்டரில் பாதி அரைந்த மாவோடு அம்மா உட்கார்ந்திருப்பார். தீப்பெட்டியைத் தேட வேண்டியதில்லை. கீழ்வரிசையில் இருக்கிற நீளமான பட்டனை இருட்டிலும் விரல் கண்டுபிடித்துவிடும். போனைக் குப்புறப்போட்டால் வெளிச்சம் உத்தரத்தில் பட்டு அடுப்படி முழுக்க மங்கலாகப் பரவும். அந்த வெளிச்சத்தில்தான் அம்மா மாவை வழித்துச் சட்டியில் போடுவார்.

ஏதாவது ஆப் போட்டா 'சர்டிபிகேட் எரர்'னு வந்து நிக்குது. என்ன செய்யறது?

சிம்பியன் ஆப் ஒவ்வொன்றுக்கும் காலாவதி தேதியோடு ஒரு கையெழுத்து உண்டு. இன்றைய தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாமே காலாவதிதான். போன் தேதியை அந்த ஆப் வந்த காலத்துக்கு, உதாரணமாக 2010-க்கு, பின்னால் தள்ளிவிட்டு நிறுவுங்கள். பிறகு தேதியைத் திரும்பச் சரிசெய்துகொள்ளலாம். அதற்கு முன் ஆப் மேனேஜர் செட்டிங்கில் இரண்டு வேலை: எல்லா ஆப்பையும் அனுமதி என்று வையுங்கள், ஆன்லைனில் சர்டிபிகேட் சரிபார்ப்பதை நிறுத்துங்கள்.

கண்ட இடத்திலிருந்து கோப்பை இறக்காதீர்கள். வேலைக்கு ஆகிற ஆப் இன்று அதிகமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்?

ஒரு காலத்தில் ஓடியது, நானும் வைத்திருந்தேன். சிம்பியன் எஸ்60-க்கு ஆதரவை 2017 ஜூன் 30-ஓடு நிறுத்திவிட்டார்கள். தேதியைப் பின்னால் தள்ளும் வித்தை இதற்கு உதவாது. கதவை மூடியது அவர்களுடைய சர்வர். இணையமும் அப்படித்தான். வைஃபை இணையும், ஆனால் இன்றைய தளங்கள் கேட்கிற பாதுகாப்பு முறை இந்த போனுக்குத் தெரியாததால் பெரும்பாலானவை திறக்காது.

பிளாக்பெர்ரி வச்சிருந்தவங்க இதைக் கேவலமாப் பாத்தாங்களே?

பார்த்தார்கள். பிளாக்பெர்ரியின் பட்டன் தரத்தில் ஒரு படி மேல் என்பதை நானே ஒப்புக்கொள்வேன். ஆனால் அதன் மெயிலும் மெசஞ்சரும் ஓட மாதாமாதம் தனி பிளான் போட வேண்டும். இ63-க்குச் சாதாரண 2ஜி இணையமான ஜிபிஆர்எஸ் போதும். பிளாக்பெர்ரியின் மாதச் செலவு எனக்குத் தாங்காது. பிளாக்பெர்ரி நிறுவனமும் தன் பழைய போன்களுக்கான சேவைகளை 2022 ஜனவரி 4-ல் நிறுத்திவிட்டது.

சில பட்டன் அமுங்குது, ஆனா எழுத்து வரல. பட்டன் போர்டையே மாத்தணுமா?

முதலில் துடைத்துப் பாருங்கள். பல வருட வியர்வையும் தூசியும் பட்டனின் ஓரத்தில் பிசினாக ஒட்டியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் இடுக்குகளைத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அதே பட்டனை நாற்பது ஐம்பது தடவை அழுத்துங்கள். பாதிப் பட்டன்கள் இதிலேயே வந்துவிடும். தண்ணீர், சானிடைசர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். அப்படியும் வரவில்லை என்றால் பட்டன் தகட்டை மாற்றத்தான் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பழைய சரக்கு வைத்திருக்கும் கடைகளில் விசாரிக்கலாம்.

எல்லாத்தையும் அழிச்சுப் புதுசு மாதிரி ஆக்கற கோடு இருக்காமே, சொல்லுங்க.

இரண்டு உண்டு. \*#7780# செட்டிங்குகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும், உங்கள் சமாச்சாரங்களைத் தொடாது. \*#7370# போன் நினைவகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். இரண்டும் லாக் கோடு கேட்கும். நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் அது 12345.

இரண்டாவதை அடிப்பதற்கு முன் தயவுசெய்து அடுத்த இரண்டு பதில்களையும் படியுங்கள். விற்பதற்காக அதை அடித்துவிட்டு, பிறகு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

இதுல இருக்கற நம்பரையெல்லாம் புது போனுக்கு எப்படி மாத்தறது?

மெமரி கார்டு ஒன்றைப் போடுங்கள். கான்டாக்ட்ஸில் ஆப்ஷன்ஸ் போய் எல்லாவற்றையும் மார்க் செய்து, காப்பியில் மெமரி கார்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தால் 'அதர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் 'கான்டாக்ட்ஸ்' இருக்கும். அதில் ஆளுக்கொரு விசிஎஃப் கோப்பு. அவற்றைப் புது போனுக்கு மாற்றி, அங்கே கான்டாக்ட்ஸில் இம்போர்ட் கொடுத்தால் வேலை முடிந்தது. புளூடூத்திலும் அனுப்பலாம், நேரம்தான் ஆகும்.

சிம்மில் சேமித்த எண்கள் இதில் வராது. முதலில் அவற்றை போன் நினைவகத்துக்குக் காப்பி செய்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

இது அப்பாவோட போன். அவர் இப்ப இல்ல. அவர் எழுதுன மெசேஜெல்லாம் இதுக்குள்ள இருக்குமா? எடுக்க முடியுமா?

இருக்க வாய்ப்பு அதிகம். எஸ்எம்எஸ் போன் நினைவகத்தில்தான் இருக்கும், சிம் காலாவதியானாலும் அழியாது. உப்பிய பேட்டரியை மாற்றிவிட்டு, சேவை நின்ற ஏதாவது ஒரு சிம்மையாவது உள்ளே போட்டு எழுப்புங்கள். தேதி கேட்கும், கொடுங்கள். லாக் கோடு கேட்டால் முதலில் 12345 போட்டுப் பாருங்கள். அது இல்லையென்றால் பொறுமையாக யோசியுங்கள்: பிறந்த வருடம், வண்டி நம்பர். "அஞ்சு நிமிஷத்துல லாக் எடுத்துத் தரேன்" என்று கடையில் யாராவது சொன்னால், தகவல் அழியாமல் எடுப்பீர்களா என்று கேட்காமல் கையில் கொடுக்காதீர்கள்.

திறந்த உடனே செய்ய வேண்டிய வேலை, ஒவ்வொரு மெசேஜாகத் திறந்து இன்னொரு போனில் படம் எடுப்பது. கணினி தெரிந்தவர் துணை இருந்தால் நோக்கியா பிசி சூட் என்ற கணினி மென்பொருளில் பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பை என்பியு எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். மெசேஜ்கள் எழுத்து வடிவிலேயே வெளியே வரும். பழைய விண்டோஸ் 7 கணினி கிடைத்தால் இந்த வேலை சுலபம். வந்த மெசேஜ்களில் சில வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். மேலே சொன்ன அதே எழுத்துருப் பிரச்சினைதான் அது. யாரோ அவருக்குத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். போனால் காட்ட முடியவில்லையே தவிர எழுத்து உள்ளே அப்படியே இருக்கும். பேக்கப்பைக் கணினியில் திறந்தால் தமிழாகவே தெரியும்.

இன்பாக்ஸையும் சென்ட்டையும் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். போன வருடம் ஒரு தங்கை கொண்டுவந்த போனில் இரண்டிலும் ரீசார்ஜ் மெசேஜ்தான் இருந்தது. டிராஃப்ட்ஸைத் திறந்தோம். அனுப்பாத மெசேஜ்கள் பதினொன்று இருந்தன, எல்லாமே அவளுக்கு எழுதியவை. பரீட்சை எப்படி இருந்தது என்று ஒன்று. சனிக்கிழமை வருகிறாயா, அம்மா கேட்கிறாள் என்று ஒன்று. கடைசியில் ஒன்றில் அவள் பெயர் மட்டும் இருந்தது, பின்னால் ஒரு காற்புள்ளி.

டிராஃப்ட்ஸையும் பாருங்கள்.